யானைக்கூடத்துக்குக் காதுகுத்து

முன்னொரு காலத்தில், கட்டுகிற கைக்கும் இடிக்கிற கைக்கும் ஒரே கூலி என்றிருந்த ஒரு நாட்டில், ஆசை அதிகமுள்ள ஒரு ராஜா இருந்தார். கெட்ட ராஜா இல்லை. காலையில் எழுந்தால் ஏதாவது ஒன்று வேண்டும் என்று தோன்றும், அவ்வளவுதான். ஒரு மாதம் கிளிகளுக்குத் தனி மாளிகை வேண்டும் என்பார். மறுமாதம் கொட்டையில்லாத மாம்பழம் காய்க்க வைக்க முடியுமா என்று தோட்டக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்பார். அவருக்குத் தோன்ற ஒரு நிமிஷம் போதும். சுமக்கிற தோளுக்குத்தான் வருஷக்கணக்கு.

ஒரு ஆவணி மாதத்துக் காலையில் அவருக்கு அன்னப்பறவை வடிவத்தில் ஒரு குளம் வேண்டும் என்று தோன்றியது. கழுத்து வளைந்திருக்க வேண்டும், அலகிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும், வால் பக்கம் படிக்கட்டு இறங்க வேண்டும்.

"அழகான எண்ணம், பிரபு" என்றார் கருவூல அதிகாரி ராஜகம்பீரர். சபையில் முதல் ஆசனம் அவருக்குத்தான். ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். ராஜாவின் கொள்ளுப்பாட்டியார், அதாவது அந்தக் காலத்துப் பட்டத்து அம்மாள், அவர் வீட்டில் பிறந்தவராம். "நாங்கள் பட்டத்து அம்மாள் பிறந்த வீட்டார்" என்று சொல்லாமல் அவர் தாம்பூலம்கூட வாங்கமாட்டார்.

"குளத்துக்கு வேண்டிய கல் நம்மிடமே இருக்கிறது. ஊர்க்கோடியில் பாழாய் நிற்கும் யானைக்கூடத்தை இடித்தால் போதும்" என்றார் அவர்.

யானைக்கூடம் என்றால் சின்னக் கட்டடம் இல்லை. ஒரு முனையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், மறுமுனையில் இருப்பவனுக்கு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மட்டும்தான் தெரியும். அத்தனை நீளம். ஒரு காலத்தில் யானைகள் வரிசையாக நின்று கரும்பு தின்ற இடம். யானைகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கூரை ஓட்டை விழுந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, வௌவால்கள் குடியேறிவிட்டன. சுவர் மட்டும் அசையவில்லை.

ராஜா கொஞ்சம் யோசித்தார். "அது எம் கொள்ளுப்பாட்டனார் கட்டியதாயிற்றே, ராஜகம்பீரரே! பிள்ளையில்லாமல் அவர் ஏங்கிய காலத்தில் கட்டினார். தினமும் காலையில் போய் அந்தச் சுவரைத் தடவிக்கொடுத்து, 'இதுதான் என் தலைப்பிள்ளை. இனி எத்தனை பிறந்தாலும் இதுதான் மூத்தது' என்பாராம்."

இந்தக் கதையை ராஜா ஊருக்கு வருகிற தூதுவர்களுக்கெல்லாம் சொல்வார். எந்த இடத்தில் "ஆஹா" சொல்ல வேண்டும் என்று சபைக்குத் தெரியும். அன்றும் சரியான இடத்தில் சொன்னார்கள்.

"கொள்ளுப்பாட்டனாரின் கல் கொள்ளுப்பேரனாரின் குளத்தில் சேர்வதைவிட அதற்கு வேறென்ன பெருமை, பிரபு?" என்றார் ராஜகம்பீரர்.

அவருக்கு இதில் ஒரு உள்வேலை இருந்தது. அவர் தமக்குப் புதுமாளிகை ஒன்று கட்டத் தொடங்கியிருந்தார். கொல்லையில் தேக்கு, ஓடு, சுண்ணாம்பு எல்லாம் தயார். கல் மட்டும்தான் குறை. அன்னத்துக்குப் போக மிஞ்சுகிற கல் எந்தப் பக்கம் உருளும் என்று அவருக்குத் தெரியும்.

செய்தி நெசவாளர் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்கு அரைநாள்கூட ஆகவில்லை. மத்தியானமே ஒரு கூட்டம் சபைக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவள் நாச்சாயி. தெருவில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் கத்திக் கத்தியே வேலை செய்கிற பெண்பிள்ளை. அரண்மனை என்பதற்காக அவள் குரல் இறங்கவில்லை.

"மவராசா, அந்தக் கூடத்தை இடிச்சா எங்க அடுப்பை இடிச்ச மாதிரிங்க!"

ராஜா திடுக்கிட்டார். "யானைக்கூடத்தில் உனக்கு என்னம்மா வேலை?"

"இனிமே பாவு ஓட்டறதுக்கு வேணுங்க. நெய்யறதுக்கு முன்னால நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவெச்சு எடுத்தாத்தான் தறியில ஏத்த முடியும். வெயில் காலத்துல தெருவுலயே ஓட்டிக்குவோம். மழை வந்தா நனைஞ்ச பாவு பட்டுப்பட்டுன்னு அறுந்துபோகும் சாமி. ஐப்பசி, கார்த்திகை பூரா தறி சும்மா கெடக்கும். போன மழைக்கு என் தறியையே அடகு வெச்சுத்தான் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துனேன். இந்த மழைக்கு அடகு வெக்கறதுக்கு என்கிட்ட எதுவும் இல்லீங்க. அத்தனை நீளமா ஒரு கட்டடம் இந்த ஊர்ல அது ஒண்ணுதான் இருக்குது. மேல ஒழுகாம இருந்தாப் போதும். மழை பாட்டுக்குப் பெய்யட்டும், நாங்க பாட்டுக்குப் பாவு ஓட்டிக்குவோம்."

தூணில் சாய்ந்து நின்ற ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அவர்தான் விகடர் விருத்தகிரி. அவருக்கு ஆசனம் கிடையாது. ராஜாவுக்குச் சிரிப்பு வேண்டும்போது பேசுவார், மற்ற நேரத்தில் தூணுக்கு முட்டுக்கொடுப்பார்.

"பிரபு, இடிக்கவும் கூலி, செப்பனிடவும் கூலி. இடித்தால் வௌவாலுக்கும் நஷ்டம், நாச்சாயிக்கும் நஷ்டம். செப்பனிட்டால் வௌவாலுக்கு மட்டும்தான் நஷ்டம்."

ராஜகம்பீரர் புன்னகைத்தார். விகடர் பேசும்போதெல்லாம் ராஜா சிரிப்பது அவருக்கு வெகுநாளாக ஆகாது. "விகடருக்கு அத்தனை அக்கறை இருந்தால் அவரே செப்பனிடட்டும், பிரபு. ஆனால் கருவூலத்திலிருந்து ஒரு காசு தரமாட்டேன். புதிய வரியும் கூடாது. எவரிடமும் கையேந்திக் கேட்கவும் கூடாது. அரச வீட்டுக் கட்டடத்துக்குப் பிச்சை எடுத்தார்கள் என்ற பேச்சு அண்டை நாட்டுக்குப் போகலாமா? ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். முடியாவிட்டால் கூடம் இடிபடட்டும். அந்தக் கற்களை விகடரே தலையில் சுமந்து குளத்துக்குச் சேர்க்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்குப் போட்டி என்றால் கொள்ளைப் பிரியம். "சம்மதமா, விருத்தகிரி?"

"சம்மதம், பிரபு. இரண்டே சந்தேகம். யாருக்காவது சோறு போடுவதற்குத் தடை உண்டா?"

"சோறு போடுவதை எவன் தடுப்பான்!"

"அந்தக் கூடம் தலைப்பிள்ளை என்றது ராஜவாக்கா, பேச்சுக்குச் சொன்னதா?"

ராஜாவுக்கு மீசை துடித்தது. "எம் கொள்ளுப்பாட்டனார் பேச்சுக்குச் சொல்லுகிறவரா? ராஜவாக்கு!"

"அது போதும்" என்று விகடர் வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

நாச்சாயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, காசும் கூடாது, கேக்கவும் கூடாதுன்னா மந்திரமா போடப்போறீங்க? உங்களுக்கென்ன, கல்லைச் சுமந்தாக் கழுத்து வலிக்கும், நாலு நாள்ல சரியாப் போயிடும். எங்களுக்கு வவுறுங்க."

"எனக்குக் கழுத்தும் சின்னது, நாச்சாயி. வா, பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம்."

ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார்கள். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"சுவரு கல்லுக்குண்டு மாதிரி இருக்குதுங்க. கூரையை மாத்தி, மேல தளம் போட்டு, பூசிட்டாப் போதும். ஆனா காசு கெடைச்சாலும் மழைக்குள்ள முடியாது."

"ஏன்?"

"சுண்ணாம்புங்க. இதுக்குக் குழியில மாசக்கணக்கா ஊறின சுண்ணாம்புதான் வேணும். இன்னிக்கு ஊறப்போட்டா மழை முடிஞ்சுதான் பதத்துக்கு வரும். பச்சைச் சுண்ணாம்பைப் பூசினா முதல் மழைக்கே பேந்து விழும்."

"ஊறின சுண்ணாம்பு ஊரிலேயே இல்லையா?"

"இருக்குது, ஒரே எடத்துல. கருவூலத்தார் புதுவீட்டுக் கொல்லையில குழி நெறைய வெண்ணெயாட்டம் கெடக்குது. போன வருசம் நான்தான் ஊறப்போட்டேன். தேக்கும் ஓடும்கூட அங்கதான் அடுக்கியிருக்குது. போய்க் கேட்டுப்பாருங்களேன்."

"கேட்கத்தான் கூடாதே" என்றார் விகடர். அப்படியே சுற்றிவந்தவர் வாசலில் நின்றுவிட்டார். வாசல் வளைவுக்கு இரண்டு பக்கமும் அகலமாக ஒவ்வொரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடத்துக்குக் காது முளைத்த மாதிரி இருக்கும். "இது எதற்கு?"

"மணி தொங்கவிடறதுக்கு விட்ட கல்லுங்க. துளை போடறதுக்குள்ள பெரிய ராஜா காலமாயிட்டாரு போல. அப்படியே நின்னுபோச்சு."

விகடர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடடா! தலைப்பிள்ளைக்கு இத்தனை வயசாகியும் இன்னும் காது குத்தவில்லையா?"

நாச்சாயி அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்ல அவள் முகம் மலர்ந்தது. தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கிற சிரிப்பு அவளுக்கு.

மறுநாள் தண்டோராக்காரர் தெருத்தெருவாகப் போனார். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது! நம் மகாராஜாவின் கொள்ளுப்பாட்டனாருக்குத் தலைப்பிள்ளையாகிய யானைக்கூடத்துக்கு வருகிற வளர்பிறை முகூர்த்தத்தில் காதுகுத்து! தாய்மாமன், பட்டத்து அம்மாள் பிறந்த வீட்டாராகிய ராஜகம்பீரர்! அனைவரும் குடும்பத்தோடு வந்திருந்து சாப்பிட்டு வாழ்த்திப் போகவும்!" டம் டம் டம்.

ஊர் இரண்டுபட்டுச் சிரித்தது. "தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தானே காது குத்தணும்? அந்தப் புள்ளை மடியில ஒக்காந்தா மாமன் என்னாகுறது?" என்று சந்தைக்குச் சந்தை இதே பேச்சு.

ராஜகம்பீரர் மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தார். "பிரபு! சுவருக்குக் காதுகுத்தாம்! இப்படியும் ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டா?"

"உண்டே" என்றார் விகடர் தூணிலிருந்து. "போன தையில் கருவூலத்தார் வீட்டுக் காராம்பசுவுக்கு வளைகாப்பு நடந்தது. அரண்மனையிலிருந்து பட்டும் பொன்முடிப்பும் மொய் போயிற்று. அதற்கு முன்பு சேனாபதியார் குதிரைக்குக் கடைவாய்ப்பல் முளைத்ததென்று ஒரு விருந்து. அதற்கும் அரண்மனை மொய். அமைச்சர் வீட்டு மாமரம் பூத்ததற்கும் மொய் போயிருக்கிறது. ராஜா வீட்டில் மட்டும் ஒரு விசேஷமும் வரவில்லை. பாவம், அந்த வீட்டுப் பிள்ளை சுவராகப் பிறந்துவிட்டது."

நாட்டில் இது வழக்கமாகவே ஆகியிருந்தது. அரண்மனை மொய்க்கு ஆசைப்பட்டு அதிகாரிகள் எதற்கெடுத்தாலும் பந்தல் போட்டுவிடுவார்கள். சபையில் பலபேர் அப்போது தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்கள். மொய் வாங்கியவன் திருப்பிச் செய்யாமல் இருந்தால் நாளைக்கு அவன் வீட்டு வாசலை ஒருவரும் மிதிக்கமாட்டார்கள். அது ராஜா போட்ட சட்டம் இல்லை, அதைவிடப் பெரிய சட்டம்.

"ஆமாம், குதிரை விருந்தில் பாயசம் நன்றாயிருந்தது" என்றார் ராஜா நினைவு வந்தவராக.

"எவரிடமும் கேட்கக்கூடாது என்று சொன்னேன். இது கேட்பது ஆகாதா?" என்று இரைந்தார் ராஜகம்பீரர்.

"சாப்பிட வாருங்கள் என்றேன். ஏதாவது தாருங்கள் என்றேனா? சந்தேகம் இருந்தால் அன்று முழுக்க வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்."

"என்னைத் தாய்மாமன் என்று எவரைக் கேட்டுத் தண்டோரா போட்டீர்?"

"பிழையாயிருந்தால் மாற்றிவிடலாம், ஐயா. பட்டத்து அம்மாள் பிறந்த வீட்டுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று சபையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்."

இதைக் கேட்டதும் சேனாபதி எழுந்துவிட்டார். "என் பாட்டியாரும் அந்த வழிதான், பிரபு. கருவூலத்தாருக்கு முடியாதென்றால் தாய்மாமன் முறையை நான் ஏற்கிறேன். அதோடு முதல் ஆசனத்தையும்."

"உட்காரும் ஐயா!" என்று சீறினார் ராஜகம்பீரர். "நானே தாய்மாமன்!"

வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி குஞ்சரவல்லி கேட்ட முதல் கேள்வி, "சீர் என்ன கொண்டுபோகிறோம்?"

"என்ன பெரிய சீர்? பிள்ளை என்றுதானே சொன்னார்கள். பிள்ளைக்கு என்ன வேண்டும்? ஒரு சட்டை, ஒரு ஜோடிக் கடுக்கன், ஒரு தட்டு வாழைப்பழம். விகடன் சொல்லை வைத்தே விகடனை மடக்குகிறேன் பார்."

"என்னங்க, ஊரே வருமே. எங்க அண்ணன் வீட்டார்கூட வருகிறார்களாம்."

"வரட்டும். முறை செய்தேனா இல்லையா என்றுதானே பார்ப்பார்கள்?"

குஞ்சரவல்லி சீர்த்தட்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். ஆனால் அவள் முகம் சரியில்லை.

முகூர்த்த நாள் வந்தது. நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு கம்பு போட்டு, கூடத்து வாசலில் பெரிய பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சினார்கள். கொள்ளுத் துவையல், மோர், பச்சை வெங்காயம். ராஜாவுக்கும் அதேதான். அவர் ஒரு சட்டி குடித்துவிட்டு இன்னொரு சட்டிக்குக் கையை நீட்டினார்.

விகடர் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கோத்துக்கொண்டு, யானைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மொய்யை வாங்கிக் கூவுகிற வேலை நாச்சாயிக்கு.

முதலில் ஒரு சுமைகூலிக்காரர் வந்து ஒரு செப்புக்காசைத் தொட்டியில் போட்டார். நாச்சாயி அதை எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கூவினாள். அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்திக்குப் போனார். அடுத்து சேனாபதி. ஒரு கைப்பிடி வெள்ளி.

"சேனாபதி ஐயா ஒரு கைப்பிடி வெள்ளீ... குதிரைப் பல்லுக்கு வாங்குனது பொன்னூ...!" என்று நாச்சாயி இழுத்தாள்.

கூட்டம் ஹோ என்றது. சேனாபதி சிவந்துபோய் இடுப்பு முடிப்பை அப்படியே அவிழ்த்துக் கொட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற அமைச்சர் இதைப் பார்த்துவிட்டுத் தம் ஆளைப் பார்த்து ஏதோ சாடை செய்தார். ஆள் வீட்டுக்கு ஓடினான். அப்புறம் தொட்டியில் விழுந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது.

கடைசியாக மேளம் கொட்டத் தாய்மாமன் வந்தார். தட்டைத் திறந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டுச் சட்டை, மிளகளவு கடுக்கன், ஒரு சீப்பு வாழைப்பழம். "பிள்ளைக்கு மாமன் சீர்" என்று ராஜகம்பீரர் விகடரைப் பார்த்துச் சொன்னார்.

விகடர் வாய்தான் கட்டியிருந்ததே. அவர் சட்டையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். ஏணி வைத்து ஏறினார். வாசல் வளைவுக்கு மேலே சட்டையைப் பிடித்து அளவு பார்த்தார். இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். ஒரே ஒரு கல்லைக்கூட அது மூடவில்லை. கீழே பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்.

தாய்மாமனைக் கேலி செய்து பாடுவது பெண்களுக்கு உள்ள உரிமை. ராஜாவே ஆனாலும் அதைத் தடுக்க முடியாது. நாச்சாயி எடுத்துக்கொடுக்க, தெருவே பாடியது:

"மாமன் கொண்டாந்த சட்டை
மூக்குத் துடைக்கப் பத்தலை!
மாமன் கொண்டாந்த கடுக்கன்
எறும்புக் காதுக்குப் பெரிசில்லை!
பட்டத்து அம்மா வீட்டுச் சீரு
பழம் ஒரு சீப்புத்தானா கூறு!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ராஜகம்பீரர், "பிள்ளைக்குப் பிள்ளைச் சட்டைதானே..." என்று ஏதோ சொன்னது பாட்டில் கரைந்துபோயிற்று.

குஞ்சரவல்லிக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் வீட்டார் முன்னால், ஊர் முன்னால், இப்படியா? அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "பாட்டை நிறுத்துங்கடி! எங்க வீட்டு முறை இன்னும் முடியவில்லை. இது வாசல் தட்டு. சீர் பின்னால் வருகிறது." பிறகு தன் வேலையாட்கள் பக்கம் திரும்பினாள். "போங்கடா, கொல்லையில் இருக்கிற சுண்ணாம்பு அத்தனையும் அள்ளி வண்டியில் ஏற்றுங்கள். இந்தப் பிள்ளைக்கு உடம்பு மூடச் சட்டை அதுதான். தலைக்கு ஓடு. தேக்கு முழுக்க வரட்டும். காதுக்கு வெண்கல மணி இரண்டு வார்க்கச் சொல்லுங்கள்."

"வல்லி! அது நம் மாளிகைக்கு..." என்றார் ராஜகம்பீரர்.

"இப்போது இருக்கிற வீட்டில் நாம் நனைந்துகொண்டா இருக்கிறோம்? சும்மா இருங்கள்."

வண்டிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அச்சு கிறீச்சிட, வெண்ணெய் போல வழிகிற சுண்ணாம்போடு வந்தன. கொத்தனார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். பெண்கள் பாட்டை மாற்றி மாமனைத் தூக்கிவைத்துப் பாடினார்கள். பிள்ளையை மாமன் மடியில் உட்கார வைக்க முடியாததால், மாமனைப் பிள்ளையின் மடியில் உட்கார வைத்தார்கள். ராஜகம்பீரர் வாசற்படியில் மாலையும் கழுத்துமாக உட்கார, அவர் தலைக்கு மேலே இரண்டு கொத்தனார்கள் உளியும் சுத்தியுமாகக் கல்லுக்குத் துளை போட்டார்கள். கல்தூள் முழுக்க அவர் தலையில் கொட்டியது. "புள்ளை அழுவலை, மாமன்தான் அழுவறாரு" என்றது கூட்டம்.

ஆனால் ராஜகம்பீரர் சும்மா எழுந்து போகிறவர் இல்லை. தலையைத் தட்டிக்கொண்டு நேராக ராஜா முன்னால் வந்தார்.

"நல்லது, பிரபு. மொய் வாங்கியாயிற்று. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது முறையல்லவா? ஊர் முழுக்க இந்தத் தொட்டியில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் விசேஷம் வரும்போது இந்தப் பிள்ளை எதைக் கொண்டு திருப்பிச் செய்யும்? என் கருவூலத்தைத் தொடக்கூடாது என்பது நிபந்தனை. திருப்பிச் செய்யாவிட்டால் அரச வீட்டுக்கு அவமானம்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. நாச்சாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் சொன்னதில் தப்பு இல்லை. மொய் என்றால் திரும்பித்தான் போக வேண்டும்.

விகடர் ஏணியிலிருந்து இறங்கி வந்து வாய்க்கட்டை அவிழ்த்தார். தாடையை இரண்டு தரம் அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"கருவூலத்தார் சொல்வது நியாயம், பிரபு. பிள்ளையிடம் பொன் இல்லை. அதனிடம் இருப்பது இடம். அதைத்தான் திருப்பிச் செய்யும். இன்று தொட்டியில் ஒரு செப்புக்காசு போட்ட சுமைகூலிக்காரர் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் என்றால் எங்கே பந்தல் போடுவார்? இங்கே வரட்டும். பிள்ளை கூரையைக் கொடுக்கும், தண்ணீர்த் தொட்டியைக் கொடுக்கும். சேனாபதியார் குதிரைக்கு அடுத்த பல் முளைத்தால் அந்த விருந்தும் இங்கேயே நடக்கட்டும். விசேஷம் முடிந்து போகிறவர்கள் முடிந்ததைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனால் அடுத்த வருஷத்துச் சுண்ணாம்பை இந்த வருஷமே ஊறப்போடலாம். பிள்ளையும் ஒருவருக்கும் கடன்படாது."

"நெசவாளர்?" என்றார் ராஜா.

"அவர்கள் வைத்த மொய்யைத்தான் நாம் எல்லோரும் இப்போது குடித்தோம், பிரபு. தாமே இரண்டு சட்டி குடித்தீர்கள். கம்பு வைத்தவர்களுக்கு மழை மாதங்கள். அப்போது வேறு யாருக்கும் இங்கே இடமில்லை, தங்களுக்கும் சேர்த்துத்தான்."

"எனக்குமா?" என்று ராஜா புருவத்தைத் தூக்கினார். பிறகு காலிச் சட்டியைப் பார்த்தார். "சரி, குடித்தாயிற்று. அப்படியே ஆகட்டும்!"

ராஜகம்பீரர் வாயைத் திறந்தார். குஞ்சரவல்லி ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

புரட்டாசி முழுக்க வேலை. சுமைகூலிக்காரர்களுக்கும் கொத்தனார்களுக்கும் தொட்டியிலிருந்து அன்றன்றைக்குக் கூலி போயிற்று. அரசங்கன்றை வேரோடு பிடுங்கி ஆற்றங்கரையில் நட்டார்கள். வௌவால்கள் கோபித்துக்கொண்டு கருவூலத்தாரின் பாதி கட்டின மாளிகைக்குக் குடிபோயின. அன்னக்குளத்தைப் பற்றி ராஜா ஒரு தடவை பேச்செடுத்தார். அடுத்த வாரம் அவருக்கு ஊஞ்சலில் ஆடிக்கொண்டே சபை நடத்தினால் என்ன என்று தோன்றிவிட்டதால் குளம் அதோடு மறந்துபோயிற்று.

ஐப்பசியில் ஒருநாள் வானம் இருண்டு, மழை அடித்துப் பெய்தது. ராஜாவுக்குத் தலைப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. குடையும் பரிவாரமுமாக விகடரையும் கூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் மஞ்சளும் சிவப்புமாகப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி வாசனை கமகமத்தது.

ராஜா ஒரு காலைத் தூக்கிப் பாவைத் தாண்டப் போனார்.

"யாரது? பாவைத் தாண்டாதீங்க!" என்று ஒரு குரல் வந்தது. நாச்சாயிதான். ராஜா என்று பார்த்த பிறகும் அவளுக்கு நிற்க நேரமில்லை. "மவராசா, குனிஞ்சு அடியில வாங்க. வந்துட்டீங்களா? சும்மாதானே நிக்கிறீங்க, அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க. இழுத்துப் பிடிக்கணும், விட்டுடாதீங்க, விட்டா அத்தனையும் சிக்காயிடும்!"

பரிவாரம் உறைந்துபோய் நின்றது. ராஜா இரண்டு கையாலும் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நீள நூலும் அவர் கையில் அதிர்ந்தது. மேலே மழை ஓட்டில் தடதடவென்று கொட்டியது. ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மீசைக்குள் சிரித்தார், பிறகு வாய்விட்டு, பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கைதான் நூலை விடவில்லை.

"விருத்தகிரி! உமக்கு நான் பரிசு தரவேண்டும். இந்த முத்துமாலை உமக்குத்தான்."

"கொடுங்கள், பிரபு."

"நீரே கழற்றிக்கொள்ளும் ஐயா! நான் கையை எடுத்தால் அந்த அம்மாள் திட்டுவாள்."

விகடர் நூலில் இடிக்காமல் குனிந்து வந்து ராஜாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றித் தாமே தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். மழை விடுகிறவரைக்கும் ராஜா அங்கேதான் நின்றார்.